முதலில் கவிழக் கற்போம்

சென்ற ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் இரண்டாம் திருப்பலி முடிந்து, பூசை உடைகளைக் களைந்து மடித்துக்கொண்டிருந்தேன். உடுப்பறை வாயிலில் எட்டு இளைஞர்கள் வந்து நின்றனர். காவாந்தண்டலத்தையும் அதனை அடுத்த செய்யாற்றங்கரை ஊர்களையும் சேர்ந்த பிள்ளைகள். சிலர் கல்லூரியில் பயில்பவர், சிலர் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரிபவர். அவர்களுள் ஒருவன் தன் கைப்பேசியை என் முன் நீட்டினான். வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து மிதக்கவிட்டாற்போல, மஞ்சளும் செம்மஞ்சளுமான சிறு படகுகள் அதில் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவர் காலை நீட்டி அமர்ந்து, இருமுனைத் துடுப்பைக் கையில் ஏந்தியிருந்தார்.

"இது கயாக், சாமி. முட்டுக்காட்டுக் காயல்ல, கோவளம் பக்கம் ஓட்டலாம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகணும். நீங்க கூட வந்தா வீட்டுல விடுவாங்க" என்றான்.

நான் வாய் திறக்குமுன், பின்னால் நின்றிருந்த தாய் ஒருவர் முந்திக்கொண்டார். செய்யாற்றங்கரையிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர் அவர். "சரின்னு சொல்லிடாதீங்க சாமி. தண்ணிக்குப் போன பிள்ளைங்க எத்தனை பேர் வீடு திரும்பலைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

நான் அன்று ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு வாரம் என் மனத்தில் ஓடியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

செய்யாற்றை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். சவ்வாது மலையில் பிறந்து, திருவண்ணாமலை மாவட்டத்தைக் கடந்து, காவாந்தண்டலத்தைத் தொட்டுச் சென்று, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கும் ஆறு இது. ஆண்டில் பெரும்பகுதி இதில் மணலே உண்டு. ஆடு மேயும், பிள்ளைகள் பந்து விளையாடுவர். இவ்வூரில் படகைப் பற்றிப் பேசினால் வெளியூரார் நகைக்கவே செய்வர். ஆனால் வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் இதே ஆறு சில நாள்களுக்கு வேறோர் உருவம் கொள்ளும். 2021 நவம்பரில் பாலாறும் அதன் துணையாறுகளும் கரைபுரண்டதைக் கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

நமது இக்கட்டு இங்கேதான் தொடங்குகிறது. கடற்கரைப் பிள்ளை நான்கு வயதிலேயே அலையைக் கற்றுக்கொள்கிறது. அதற்கு எவரும் வகுப்பு நடத்துவதில்லை. நீரில்லாத ஆற்றின் கரையில் வளரும் பிள்ளையோ நீரை அறியாமலேயே இருபது வயதை எட்டிவிடுகிறான். பிறகு ஒரு கார்த்திகையில் ஆறு திடீரென்று வந்து நிற்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. முழங்கால் ஆழந்தான் என்று தோன்றுகிறது. கீழே மணல் அள்ளிய பள்ளம் இருப்பது மேலே தெரிவதில்லை. முழங்கால் நீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் தலைக்கு மேல் நீரில் இருக்கிறான். பள்ளத்தின் விளிம்பும் மணலே ஆகையால், பற்றப் பற்றச் சரிந்துகொண்டே இருக்கும்.

2022 அக்டோபரில் பூண்டி மாதா திருத்தலத்திற்குத் திருப்பயணம் வந்த தூத்துக்குடிப் பகுதியைச் சேர்ந்த ஆறுபேர், அருகிலுள்ள கொள்ளிடத்தில் குளிக்க இறங்கி மாண்ட செய்தியை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஓர் ஆற்றில் உள்ள பள்ளத்தையும் சுழலையும் அயலூரிலிருந்து வருபவர் எவ்வாறு அறிவார்? உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. நம் பங்குகளில் அந்நாள் புனித சந்தியாகப்பர் திருநாளாகவே கழிந்துவிடுகிறது. சந்தியாகப்பரும் ஒரு படகோட்டிதான் என்பது அப்போது எவருக்கும் நினைவில் வருவதில்லை.

அந்தத் தாயின் அச்சம் அச்சமற்றவர்களின் பேச்சைவிட அறிவுடையது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

நான் குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு, உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, பீடச் சிறுவர்களை ஓர் ஏரிக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றேன். ஊரின் பெயரும் ஏரியின் பெயரும் இங்கு வேண்டா. எட்டுப்பேர் அமரும் படகு அது. நாங்கள் சிறுவர் பன்னிருவர், நான், படகோட்டி. இரண்டு நடையாகப் போகலாம் என்றார் படகோட்டி. நேரமாகிவிடும், ஒரே நடையில் போய்விடலாம் என்றவன் நான். மிதவைச் சட்டை ஒன்றுகூட இல்லை; இல்லை என்பது என் கண்ணில் படவும் இல்லை. ஏரியின் நடுவில் ஒரு கொக்குக் கூட்டம் எழும்பிப் பறந்தது. சிறுவர் அனைவரும் அதனைக் காண ஒரே பக்கம் எழுந்து நின்றனர். அவ்வளவுதான். படகு ஓசையின்றி, மிக மெதுவாக, ஒரு பக்கமாய்ப் படுத்தது.

நீர் மார்பளவே இருந்தது. தலைகளை எண்ணினேன், பதினொன்று. மீண்டும் எண்ணினேன், பதினொன்று. பன்னிரண்டாமவன் கவிழ்ந்த படகின் அடியில் இருந்தான். படகோட்டி மூழ்கி அவனை இழுத்து வெளியே கொண்டுவந்தார். இருமினான், அழுதான், பிழைத்தான். பல ஆண்டுகள் கழித்து அவனுடைய திருமணத்தை நானே மந்திரித்து வைத்தேன். வார்த்தைப்பாடு கேட்கும் நேரத்தில் அந்த ஏரி நீரின் நிறம் என் கண்முன் வந்து நின்றது; ஒரு கணம் அடுத்த சொல் வரவில்லை.

அந்நிகழ்ச்சிக்குப் பின் நான் செய்தது யாதெனில், நீர்நிலைப் பக்கம் எந்தப் பயணத்தையும் அடியோடு தடை செய்ததே. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை விவேகம் என்று எண்ணியிருந்தேன். அன்று உடுப்பறை வாயிலில் நின்ற எட்டுப் பேரிடம், "உங்களில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்?" என்று கேட்டேன். நான்கு பேர் கை தூக்கினர். மற்ற நால்வரும் என் தடையின் கீழ் வளர்ந்தவர்கள்.

அந்த வாரம் கயாக் சங்கங்கள் எவ்வாறு பயிற்சி அளிக்கின்றன என்பதைத் தேடிப் படித்தேன். இதில் இருவகைப் படகுகள் உள. கயாக் என்பது துருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்குச் செய்த படகு. கரையொதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, மேலே தோல் போர்த்தியது. காலை நீட்டி அமர்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் வலிப்பது. கனூ என்பது ஒருமுனைத் துடுப்பால் வலிப்பது. போட்டிகளில் ஒரு காலை மண்டியிட்டு வலிப்பர். நமக்கு இவை அயலானவையும் அல்ல. நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் ஆங்கிலேயர் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டனர். ஒகேனக்கல்லில் இன்றும் பரிசல் ஒற்றைத் துடுப்பால்தான் ஓடுகிறது.

பிழைப்புக்கான இப்படகுகளை உல்லாசத்திற்கும் உடற்பயிற்சிக்கும் உரியவையாக்கிச் சங்கம் கண்டவர் ஜான் மக்கிரகர் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர். ராப் ராய் என்று பெயரிட்ட சிறு படகில் தனியராய் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றிவந்து, அதைப்பற்றி ஒரு நூலும் எழுதி, 1866-இல் இங்கிலாந்தில் கனூ சங்கத்தை நிறுவினார். நம் சென்னையிலோ அதற்கு அடுத்த ஆண்டே, 1867-இல், அடையாற்றங்கரையில் படகுச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. அது வேறுவகைப் படகு வலிப்பு, வெள்ளைத் துரைமார்களுக்கானது. நம்மவர் கரையில் நின்று பார்த்திருப்பர்.

என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. நல்ல கயாக் சங்கம் எதிலும் முதற் பாடம் துடுப்பு வலிப்பது அன்று; கவிழ்வது! இடுப்பளவு நீரில் மாணவனை மூடிய படகில் அமர்த்தி, வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்கின்றனர். தலைகீழாகத் தொங்கும் நிலையில் அவன் பதறக்கூடாது. படகின் அடிப்புறத்தைக் கையால் தட்டி, தான் நிதானத்தில் இருப்பதை அறிவிக்க வேண்டும். இடுப்பைச் சுற்றிய நீர்த்தடுப்புத் துணியின் முன்வளையத்தைப் பற்றி இழுத்துக் கழற்ற வேண்டும். முன்னால் குனிந்தவாறே, காற்சட்டையைக் களைவதுபோல் படகைக் களைந்து வெளியே வர வேண்டும். வந்தபின் படகையும் துடுப்பையும் விட்டுவிடலாகாது. ஆளைவிடப் படகு நன்றாக மிதக்கும். தேடுவோர் கண்ணிலும் எளிதில் படும். இதைச் செய்து காட்டாத எவரையும் அவர்கள் ஆழத்திற்குக் கொண்டுசெல்வதில்லை. முட்டுக்காட்டுப் பக்கம் பெரும்பாலும் தரும் படகுகள் மேற்புறம் மூடாதவை. அவற்றில் சிக்கிக்கொள்ளும் அச்சம் இல்லை. ஆயினும் விழுந்தபின் ஏறத் தெரியவேண்டும். பக்கவாட்டில் நின்று, காலை உதைத்து, வயிற்றைப் படகின் குறுக்கே போட்டு, புரண்டு அமரவேண்டும். எழுதுவதற்கு எளிது!

இரண்டாவது பாடம் மிதவைச் சட்டை. வெறுமனே மாட்டிக்கொண்டால் போதாது. வார்களை இறுக்கியபின் மற்றொருவர் அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கவேண்டும். அது மோவாய்க்கு மேல் ஏறினால் அது காப்பாற்றாது. மூன்றாவது, அணிவகுப்பு. முன்னால் ஒரு தேர்ந்தவர், கடைசியில் ஒரு தேர்ந்தவர். அனுபவம் குறைந்தவர் நடுவில். முன்னவரை எவரும் முந்தக்கூடாது. கடைசியவருக்குப் பின்னால் எவரும் தங்கக்கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைகளை எண்ணுகின்றனர். இவ்வரியைப் படித்தபோது சற்று நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

துடுப்பு வலிப்பது இவற்றுக்கெல்லாம் பிறகே. அதிலும் கையால் வலிப்பவன் அரைமணியில் சோர்ந்துவிடுவான். இடுப்பைத் திருப்பி, முதுகாலும் வயிற்றுத் தசைகளாலும் வலிக்கவேண்டும் என்கின்றனர். நாற்று நடும் நம் பெண்களும், கமலை இறைத்த நம் பாட்டன்மாரும் இதை யாரும் சொல்லாமலே அறிந்திருந்தனர்.

இன்னொரு செய்தி நம் ஊரார் அனைவருக்கும், படகேறாதவர்க்கும் பயன்படும். கயாக் ஓட்டுவோர் அருவியைவிட அஞ்சுவது குட்டையான தடுப்பணையை. நீர் அணையின் மேல் வழிந்து விழும்போது அடியில் சென்று, மேற்பரப்பில் மீண்டும் அணையை நோக்கியே சுருண்டு திரும்புகிறது. அதனுள் அகப்பட்ட ஆள் அணையை நோக்கி இழுக்கப்பட்டு, அமிழ்த்தப்பட்டு, வெளிவந்து, மீண்டும் இழுக்கப்படுவான். நுரையில் காற்று மிகுதியாகையால் உடலும் சரிவர மிதப்பதில்லை. பார்வைக்கோ அது ஓர் ஆள் உயர அழகிய நீர்வீழ்ச்சி! வெள்ளக் காலத்தில் நம் பிள்ளைகள் குளிக்கவும் படம் எடுக்கவும் தேடிச் செல்வது அதனடியைத்தான். அங்கே இறங்கலாகாது, இறங்கி அகப்பட்டவரை மீட்க இன்னொருவர் குதிக்கலாகாது, கயிறோ, காலிக் குடமோ, நீண்ட கழியோ எறியவேண்டும். ஓடும் நீரில் விழுந்தவன் எழுந்து நிற்க முயலலாகாது என்பதும் அவர்கள் கற்பிப்பதே. பாறையிடுக்கில் கால் சிக்கினால் நீரின் வேகம் அவனை முன்னால் கவிழ்த்துவிடும். மல்லாந்து, காலை நீரோட்டத்தின் போக்கில் நீட்டி, மிதந்தவாறே கரையை அணுகவேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காணப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வருகின்றனர். பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்டது. குடவோலையைப் பற்றி எல்லோரும் பேசுவர். அதே கல்லில் ஏரி வாரியம் என்று நீருக்கென்றே ஒரு குழு இருந்ததையும் காண்கிறோம். நம் பங்குகளில் மரியாயின் சேனை உண்டு, வின்சென்ட் தே பவுல் சபை உண்டு, திருவிழாக் குழு கட்டாயம் உண்டு. நீருக்கென ஒரு குழு எந்தப் பங்கிலும் நான் கண்டதில்லை.

குருவானவருக்குப் படகோட்டத்தில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். அவர்களுக்கு நான் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரைக் காட்டுகிறேன். இன்று இரண்டாம் ஜான் பால் என்று எழுதுகிறோம். 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் அவர் சென்னைக்கு வந்தபோது பள்ளி மாணவனாக என் தந்தையின் அருகில் நின்று கண்ட எனக்கு அவர் என்றும் அருள் சின்னப்பரே.

போலந்து நாட்டில் கம்யூனிஸ்டு ஆட்சி நடந்த காலம் அது. குருக்கள் இளைஞர் குழுக்களை அழைத்துச் செல்வதற்கு இடமில்லை. கிராக்கோ நகரில் மாணவர்களிடையே பணியாற்றிய கரோல் வொய்த்திவா என்னும் இளங்குரு, சாதாரண உடையில் அவர்களோடு மலைக்கும் ஆற்றுக்கும் சென்றார். பிறர் ஐயுறாதிருக்க மாணவர் அவரை 'மாமா' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். பிற்காலத்தில் அவர் திருத்தந்தையான பின்னும் அவர்களுக்கு அவர் மாமாவே. 1953 முதல் ஆண்டுதோறும் கயாக் பயணம். இருவர் அமரும் படகில் அவரோடு அமரும் இளைஞர் மாறிக்கொண்டே இருப்பர். ஒருவரோடு ஒருவராய் மனம்விட்டுப் பேசுவதற்கு அதைவிட ஏற்ற இடம் ஏது? காலையில் கவிழ்த்து வைத்த கயாக்கே பீடம். துடுப்புகளைச் சேர்த்துக் கட்டியதே சிலுவை. 1955-இல் டுனாயெட்ஸ் ஆற்றில் நடந்த கயாக் ஓட்டத்தில் அவருடைய படகு ஓட்டை விழுந்து மூழ்கியே போனது!

1958-ஆம் ஆண்டுக் கோடையில் லினா ஆற்றில் அவர் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தபோது, கர்தினால் விஷின்ஸ்கி வார்சாவுக்கு அழைத்தார். ஆற்று வழியே படகில் சென்று, மாவு மூட்டை ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு, இரவு இரயிலைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைக் கிராக்கோவின் துணை ஆயராக நியமித்திருந்தார். வயது 38. நியமனத்தை ஏற்றபின் அவர் கர்தினாலிடம் கேட்டது, மீண்டும் கயாக் பயணத்திற்குத் திரும்பலாமா என்பதே. கர்தினாலும் விடை கொடுத்தார். ஆயராகப் போகிறவர் ஆற்றுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து துடுப்பை எடுத்தார். இது விளையாட்டுப் புத்தி என்று என் குருமடக் காலத்தில் எண்ணினேன். இப்போது வேறுவிதமாகத் தோன்றுகிறது. ஆற்றில் அவரை நம்பி வந்த பிள்ளைகள் இருந்தனர். பாதி வழியில் அவர்களை விட்டுவிட்டு வந்திருந்தார்.

இந்தியாவில் இக்கலை மெல்லத்தான் வளர்கிறது. 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கனூ போட்டியில் நமக்கு ஒரு வெண்கலம் கிட்டியது. அடுத்த வெண்கலத்திற்கு 2023-இல் நடந்த ஹாங்சௌ போட்டி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் ஆகிய இருவர் 1000 மீட்டர் இரட்டையர் கனூவில் அதைப் பெற்றனர். அதே ஆண்டு, அதே நகரில், மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசிய விளையாட்டில் பிராச்சி யாதவ் கயாக்கில் தங்கம் வென்றார். கால்கள் இயங்காதவர் அவர். போபால் ஏரியில் பயின்றவர். கரையில் சக்கர நாற்காலி. நீரில் யாருக்கும் பின்தங்காத வேகம்.

பதக்கம் இருக்கட்டும். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது கடற்கரை மீனவர் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். மாடியில் தவித்தோரை இறக்கிக் கொணர்ந்தனர். உள்நாட்டு ஊராருக்குத் தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் அவர்களின் வேலை இன்னும் எளிதாகியிருக்கும்.

அடுத்த ஞாயிறு என் விடையைச் சொன்னேன். போகலாம், ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அன்று. மழைக்காலம் முற்றும் ஓய்ந்து, பொங்கலுக்குப் பின். அதற்குள் எட்டுப் பேரும் உடுத்த உடையோடு பத்து நிமிடம் மிதந்து காட்டவேண்டும். செய்யாற்றில் வெள்ளம் வந்தால் ஒருவரும் இறங்கலாகாது. மிதவைச் சட்டை அணியாதவன் கரையிலேயே நிற்பான், நானும் அவ்வாறே. "நீங்களும் கவுந்து காட்டுவீங்களா சாமி?" என்றான் ஒருவன். ஐம்பதைக் கடந்தவனிடம் கேட்கத்தக்க கேள்வியா? ஆம் என்று சொல்லிவிட்டேன்.

ஊரில் ஒரு விவசாயி தம் பாசனக் கிணற்றைச் சனிக்கிழமைகளில் தர இசைந்தார். படிக்கட்டுள்ள கிணறு. நீந்துவது நான் பயின்ற அதே முறையில்தான். சுரைக்குடுக்கை கிடைக்காததால் லாரி டியூப். மேலே வடக்கயிறு. முதற் சனியன்று ஒருவன் டியூபை விடமறுத்து அரைமணி அதிலேயே தொங்கினான். நான்காம் சனியன்று அவனே முதலில் குதித்தான்.

மறுத்த அத்தாய் முதல் வாரத்திலிருந்தே கிணற்று மேட்டில் வந்து அமர்ந்துவிடுகிறார். நான் கேட்காமலே தலைகளை எண்ணுகிறார். எண்ணிக்கை குறையும் ஒவ்வொரு முறையும் குரல் கொடுக்கிறார். சென்ற சனியன்று என்னைத் தனியே அழைத்து, "சாமி, என் பொண்ணும் கத்துக்கணும்னு நிக்கிறா. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு எந்த நாளு?" என்றார்.

அதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாலையில் கன்னியர் இல்லம் சென்று, கடலோர ஊரில் பிறந்த சகோதரி ஒருவரிடம் தயங்கித் தயங்கி விவரத்தைச் சொன்னேன். கிணற்றின் ஆழம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.